15 வயதில் செல்சி, 19 வயதில் கிளாட்பாக்: கிறிஸ்டென்சன் போன வழியில் இன்று போக முடியுமா?

ஒரு நண்பர் கேட்டிருந்த கேள்வி இது: "டென்மார்க் கால்பந்து வீரர் ஆந்திரேயாஸ் கிறிஸ்டென்சன் 15 வயதிலேயே லண்டனின் செல்சி கிளப்புக்குப் போய்விட்டார். ஆனால் அங்கே முதல் அணியில் நிலைப்பதற்கு 21 வயது ஆனது. நடுவில் இத்தனை வருடம் என்ன நடந்தது? இன்றைக்கு ஒரு இளம் டேனிஷ் டிஃபெண்டர் அதே வழியில் போக முடியுமா? அவருடைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. அவர் நுழைந்த கதவுகள் இரண்டு. ஒன்று 2021-ல் மூடியது, இன்னொன்று 2022-ல். எப்படி என்று பின்னால் வருகிறேன். முதலில் அவர் கதை.

கிறிஸ்டென்சன் பிறந்தது 1996 ஏப்ரல் 10, கோபன்ஹேகனுக்கு வடக்கே லில்லரோட் என்ற சின்ன ஊரில். அப்பா ஸ்டென் கிறிஸ்டென்சன், பிரோன்பி கிளப்பின் முன்னாள் கோல்கீப்பர். பையன் முதலில் ஆடியது பக்கத்திலிருந்த ஷோல்ட் பிர்கரோட் என்ற உள்ளூர் கிளப்பில். எட்டு வயதில், 2004-ல், அப்பாவின் பிரோன்பிக்கே வந்து சேர்ந்தான். கோல்கீப்பர் வீட்டுப் பிள்ளை டிஃபெண்டரானது எனக்கு ஒரு முக்கியமான விஷயமாகத் தெரிகிறது. ஆட்டம் முழுவதையும் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பார்ப்பது கோல்கீப்பர்தான். பந்து இருக்கும் இடத்தை விட, அடுத்து எங்கே வரும் என்பதை அவர் பார்த்தாக வேண்டும். கிறிஸ்டென்சனின் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் அந்தப் பார்வை தெரியும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை அவரிடம் அரிதாகத்தான் பார்க்கலாம். பந்து வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். உயரம் ஆறடிக்கு மேல், ஆனால் முரட்டு ஆட்டம் கிடையாது. பந்தை வாங்கியதும் தலை நிமிர்ந்துவிடும்.

பிரோன்பியில் எட்டு வருடம் ஆன பிறகு, 2012 பிப்ரவரியில் செல்சி அவரை எடுத்தது. 16 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்போதெல்லாம் இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் ஐரோப்பா முழுவதும் சல்லடை போட்டு இந்த வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டு வீரரை 18 வயதுக்கு முன் பதியக்கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பொது விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதிலிருந்தே நாடு விட்டு நாடு மாறலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டன் அன்று ஒன்றியத்துக்குள் இருந்தது. அதுதான் அவர் நுழைந்த முதல் கதவு.

செல்சி அகாடமியில் அவர் காலம் நன்றாகவே போனது. 2014-ல் இங்கிலாந்தின் இளையோர் போட்டியான எஃப்.ஏ. யூத் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஃபுல்ஹாமுடன் இறுதி ஆட்டம் இரண்டு கட்டமாக நடந்து, மொத்தத்தில் 7-6 என்று முடிந்தது. அடுத்த வருடம், 2015 ஏப்ரலில், ஸ்விட்சர்லாந்தின் நியோனில் ஷக்தார் டோனெட்ஸ்கை 3-2 என்று வென்று ஐரோப்பிய இளையோர் போட்டியான யுஇஎஃப்ஏ யூத் லீக்கையும் எடுத்தார்கள். அதாவது 19 வயதுக்குள் ஐரோப்பாவின் சிறந்த இளையோர் அணியின் பின்வரிசையில் இவர் இருந்தார். அதற்கு மேல் இளையோர் ஆட்டத்தில் நிரூபிக்க ஒன்றுமில்லை.

முதல் அணிக்கு? அந்த 2014-15 சீசன் முழுவதும் சேர்த்து மூன்றே ஆட்டம். லீக் கோப்பையில் ஷ்ரூஸ்பரிக்கு எதிராக, எஃப்.ஏ. கோப்பையில் பிராட்ஃபோர்டுக்கு எதிராக, அப்புறம் பிரீமியர் லீக்கின் கடைசி நாளில் சண்டர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராகக் கொஞ்ச நேரம். முதல் இரண்டிலும் அவரை நிறுத்தியது அவருடைய இடமான நடுவில் இல்லை, வலது ஓரத்தில். பிராட்ஃபோர்டு ஆட்டத்தில், மூன்றாம் நிலை லீக்கில் ஆடும் அணியிடம், சொந்த மைதானத்தில் 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-4 என்று தோற்றது செல்சி. 18 வயதுப் பையனுக்கு அது நல்ல அறிமுகம் இல்லை.

இதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஜோசே மொரின்யோவின் அந்த அணியில் நடுவில் ஜான் டெரியும் கேரி கேஹிலும் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் கூர்ட் ஸூமா காத்திருந்தார். அந்த வருடம் செல்சி லீக் சாம்பியன். சாம்பியனாகப் போகிற அணியின் கோச் எதற்காக ஒரு 18 வயது சென்டர் பேக்கை, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டரை, இறக்கிப் பார்க்க வேண்டும்?

இளம் டிஃபெண்டருக்கு உள்ள உண்மையான கஷ்டம் இதுதான். கோல் போடும் முன்வரிசையில் ஆடும் 18 வயதுப் பையனைக் கடைசி இருபது நிமிடம் இறக்கிவிடலாம். மூன்று வாய்ப்பைத் தவறவிட்டு நாலாவதில் கோல் போட்டால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். சென்டர் பேக்குக்குக் கணக்கு நேர்தலைகீழ். 89 நிமிடம் சரியாக ஆடி ஒரு தடவை கால் தவறினால் அந்த ஒன்றுதான் நினைவில் நிற்கும். அதனால் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி இருபது நிமிடத்தில் பின்வரிசையைத் தொடவே தொடாது. அதற்கும் மேல், அவன் தனியாக ஆடுவதில்லை. பக்கத்தில் நிற்பவன், பின்னால் நிற்கும் கோல்கீப்பர், முன்னால் ஆடும் மிட்ஃபீல்டர் எல்லோரோடும் ஒரு பழக்கம் வர வேண்டும். யார் முன்னேறுவது, யார் பின்னால் நிற்பது என்று வாய் திறக்காமலே தெரிய வேண்டும். அது பயிற்சியில் பாதிதான் வரும். மீதி, வாரா வாரம் ஒரே ஆட்களோடு ஆடினால்தான் வரும்.

ஆகவே 2015 ஜூலையில் அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் பொருசியா மென்ஷன்கிளாட்பாக் கிளப்புக்கு லோனில் போனார், அதாவது செல்சியின் வீரராகவே இருந்துகொண்டு தற்காலிகமாக அங்கே ஆட. ஒரு சீசனுக்கு இல்லை, இரண்டு சீசனுக்கு.

அன்றைய செல்சியில் லோன் என்றாலே பல பேருக்கு ஒரு பயம் இருந்தது. ஒரே நேரத்தில் 30-க்கும் மேற்பட்ட வீரர்களை வெளியே அனுப்பி வைத்திருந்த கிளப் அது. ஆறு மாதம் ஒரு ஊர், அடுத்த வருடம் இன்னொரு நாடு, புதுக் கோச், புது மொழி என்று சுற்றியே 23 வயதாகி விற்கப்பட்டவர்கள் நிறைய. அப்படி ஒருவன் ஓர் ஊருக்குப் போய், வீடு பிடித்து, கூட ஆடுபவர்களின் பழக்கத்தைப் புரிந்துகொள்ளும்போது சீசன் முடிந்துவிடும். இரண்டு வருடம் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டதால் இரண்டு நன்மைகள் நடந்தன. பையனுக்கு அவசரம் போனது. கிளாட்பாக்குக்கோ, இவனை வளர்த்தால் பலன் நமக்கும் உண்டு என்ற கணக்கு வந்தது. பத்து மாதத்தில் திரும்பிப் போகிறவனுக்கு எந்தக் கோச்சும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

ஆனால் அங்கே ஆரம்பம் படுமோசம். 2015-16 பண்டஸ்லிகாவில், அதாவது ஜெர்மனியின் முதல்நிலை லீகில், கிளாட்பாக் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றது. டோர்ட்முண்டிடம் 0-4. ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் செவில்லாவிடம் 0-3. செப்டம்பர் 20 அன்று கோச் லூசியன் ஃபாவ்ரே தானே ராஜினாமா செய்துவிட்டார். வந்து பத்து வாரமே ஆன, 19 வயது லோன் ஆட்டக்காரனின் நிலையை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டு எடுத்த கோச் போய்விட்டார், அணி கடைசி இடத்தில், பின்வரிசையில் கோல் மழை.

இடைக்காலக் கோச்சாக ஆந்த்ரே ஷூபர்ட் வந்தார். அடுத்த ஆறு லீக் ஆட்டத்தையும் கிளாட்பாக் வென்றது. டிசம்பர் 5 அன்று பேயர்ன் மியூனிக்கை 3-1 என்று தோற்கடித்தது. பெப் கார்டியோலாவின் பேயர்னுக்கு அந்த லீக் சீசனில் அதுதான் முதல் தோல்வி. மூத்த டிஃபெண்டர்கள் மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்லும் அல்வாரோ டொமிங்கெஸும் காயத்தில் இருந்ததால் நடுவில் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைக் கிறிஸ்டென்சன் பிடித்தார், பிறகு விடவே இல்லை. பின்னால் கோல்கீப்பர் யான் சோமர், முன்னால் மிட்ஃபீல்டர் கிரானிட் ஷாக்கா. ஐந்து தோல்வியில் தொடங்கிய அணி நான்காவது இடத்தில் முடித்தது. கிறிஸ்டென்சன் அந்த ஒரு சீசனில் மட்டும் 31 லீக் ஆட்டம் ஆடினார். 2016 பிப்ரவரியில் வெர்டர் பிரேமனை 5-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. சீசன் முடிவில் ரசிகர்கள் வாக்களித்து அணியின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லோனில் வந்த, 20 வயதான ஒரு தடுப்பாட்டக்காரருக்கு! கிளாட்பாக் அவரை நிரந்தரமாக வாங்கிக்கொள்ளக் கேட்டது. செல்சி மறுத்துவிட்டது.

இரண்டாவது வருடத்தைப் பலர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது சுலபமான வருடம் இல்லை. ஷாக்கா ஆர்சனலுக்குப் போய்விட்டார். அணி தடுமாறியது, டிசம்பரில் ஷூபர்ட்டும் போனார், டீட்டர் ஹெக்கிங் வந்தார். ஒன்றரை வருடத்தில் மூன்றாவது கோச். சாம்பியன்ஸ் லீகில் பார்சலோனா, மான்செஸ்டர் சிட்டி, செல்டிக் இருந்த குழு. இந்தக் கலக்கத்தில் பக்கத்தில் நிற்க ஒருவர் வந்து சேர்ந்தார்: பிரேமனிலிருந்து வாங்கப்பட்ட யான்னிக் வெஸ்டர்கார்ட். அவரும் டேனிஷ்காரர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017 பிப்ரவரியில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீகில், இத்தாலியின் ஃபியோரென்டினாவிடம் சொந்த ஊரில் 0-1 என்று தோற்றது கிளாட்பாக். மறு ஆட்டத்தில், ஃப்ளோரன்ஸில், 0-2 என்று பின்தங்கினார்கள். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது லார்ஸ் ஷ்டிண்டல் மூன்று கோல் போட்டார். நாலாவது கிறிஸ்டென்சனின் தலையிலிருந்து வந்தது. 4-2. அடுத்த சுற்றில் ஷால்கவுக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்தார், ஆனால் 2-2 என்று முடிந்து, இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமாகி, வெளியூரில் யார் அதிக கோல் அடித்தார்கள் என்ற கணக்கில் வெளியேறினார்கள். இரண்டு வருடத்தில் மொத்தம் 82 ஆட்டம், 7 கோல். செல்சியிலேயே இருந்திருந்தால் அந்த 82-ல் பத்தாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2017 கோடையில் திரும்பி வந்தபோது செல்சியும் மாறியிருந்தது. ஜான் டெரி போய்விட்டார். புதிய கோச் அந்தோனியோ கோன்டே மூன்று சென்டர் பேக் வைத்து ஆடி லீக்கை வென்றிருந்தார். அந்த மூவரில் நடுவில் நிற்பவருக்குத் தேவை முரட்டு பலத்தை விட முன்கூட்டிப் படிக்கும் கண். கிறிஸ்டென்சனுக்கென்றே செய்த இடம் மாதிரி. முதல் ஆட்டத்திலேயே அழைப்பு வந்தது, ஆனால் கொடுமையான சூழலில்: பர்ன்லிக்கு எதிராகக் கேப்டன் கேஹில் 14-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, இவரை இறக்கினார்கள். 2-3 தோல்வி. நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்கு டிஃபெண்டர் டேவிட் லூயிஸை வெளியே வைத்துவிட்டு இவரை நடுவில் நிறுத்தினார் கோன்டே. எதிரே ரொமேலு லுகாகு. செல்சி 1-0 வென்றது. அன்றிலிருந்து கொஞ்ச காலம் அந்த இடம் இவருடையது. ஜனவரியில் புதிய நீண்ட ஒப்பந்தமும் வந்தது.

அடுத்த மாதம் வந்தது பார்சலோனா ஆட்டம். 2018 பிப்ரவரி 20, சாம்பியன்ஸ் லீக், செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ். நள்ளிரவு தாண்டி விழித்திருந்து அதைப் பார்த்தேன். வில்லியன் கோலில் செல்சி 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முழுவதும் கிறிஸ்டென்சன் அற்புதமாக ஆடினார். 75-வது நிமிடம். சொந்தப் பெனால்டி பகுதியின் முன்னால் இடமிருந்து வலமாக ஒரு பந்தைக் குறுக்கே தள்ளினார். அங்கே இனியெஸ்டா இருந்தார். இனியெஸ்டா பின்னால் இழுத்துவிட, மெஸ்ஸி வலைக்குள் அனுப்பினார். செல்சிக்கு எதிராக மெஸ்ஸி அடித்த முதல் கோல் அது. 1-1. பார்சலோனாவில் நடந்த மறு ஆட்டத்தில் 0-3 தோற்று செல்சி வெளியேறியது. அந்த ஒரு பந்துக்கு அப்புறம் அவர் கால்கள் கொஞ்ச வாரம் தயங்கியதைப் பார்க்க முடிந்தது. முன்னால் போக வேண்டிய பந்து பக்கவாட்டில் போனது. ஒரு டிஃபெண்டருக்கு 89 நிமிடம் எதற்கு எண்ணப்படுவதில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு இதை விட வலிக்கிற உதாரணம் என்னிடம் இல்லை.

அதற்கடுத்த இரண்டரை வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அடுத்த கோச் மௌரிசியோ சாரி நாலு பேர் பின்வரிசைக்கு மாறினார். கிறிஸ்டென்சனுக்குப் பெரும்பாலும் வியாழக்கிழமை யூரோப்பா லீக் ஆட்டங்கள்தான். ஆனாலும் 2019 மே மாதம் பாகுவில் ஆர்சனலை 4-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடியது அவர்தான். சாரிக்குப் பின் கோச்சான ஃப்ராங்க் லாம்பார்டு காலத்தில் உள்ளும் வெளியுமாக இருந்தார். 2021 ஜனவரியில் தாமஸ் டூகல் கோச்சாக வந்து மூன்று பேர் பின்வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தார். சில நாளிலேயே டாட்டன்ஹாம் ஆட்டத்தில் தியாகோ சில்வா காயமடைய, உள்ளே வந்தார் கிறிஸ்டென்சன். 2018-ல் தொலைத்த இடம் அப்படியே அவருக்காகக் காத்திருந்தது போல் இருந்தது. அந்த மே 29, போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரே மான்செஸ்டர் சிட்டி. மறுபடியும் சில்வாவுக்குக் காயம், 39-வது நிமிடத்தில் மறுபடியும் இவர். மூன்று நிமிடத்தில் காய் ஹாவர்ட்ஸ் கோல் போட்டார். மீதி ஐம்பது நிமிடம் அந்த ஒரு கோலைக் காப்பாற்றிய பின்வரிசையில் நின்றது 25 வயது கிறிஸ்டென்சன். கோப்பை செல்சிக்கு.

அவர் செல்சிக்காகப் போட்ட முதல் கோல் அதற்கும் பிறகுதான், 2021 அக்டோபரில், ஸ்வீடனின் மால்மோவுக்கு எதிராக. கோபன்ஹேகனிலிருந்து நடுவிலுள்ள கடலைப் பாலத்தில் கடந்தால் மால்மோதான். 2022-ல் ஒப்பந்தம் முடிந்து இலவச மாற்றத்தில் பார்சலோனாவுக்குப் போனார். அன்றைய உரிமையாளர் ரோமன் அப்ராமோவிச் மீதான தடையால் செல்சி அந்த வசந்த காலத்தில் யாருக்கும் புதிய ஒப்பந்தம் கொடுக்க முடியாத நிலையில் இருந்தது. அதே கோடையில் அன்டோனியோ ரூடிகரும் அப்படியே ரியல் மாட்ரிட் போனார். பார்சலோனாவில் முதல் சீசனிலேயே லா லிகா கோப்பை. 38 ஆட்டத்தில் அந்த அணி விட்ட கோல் வெறும் 20. 2024 ஏப்ரல் 10 அன்று, அவருடைய 28-வது பிறந்த நாளில், பாரிஸில் பி.எஸ்.ஜி.க்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வெற்றி கோல் போட்டார். பார்சலோனா 3-2. அதற்குப் பிறகு காயங்கள் அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. 2024-25 சீசனில் அவரைக் களத்தில் பார்த்ததே அபூர்வம்.

சரி, கதவுகளுக்கு வருவோம்.

முதல் கதவு, இளவயதில் இங்கிலாந்துக்குள் நுழைவது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, 2021 ஜனவரி 1 முதல், அந்த 16 வயது விதிவிலக்கு இங்கிலாந்து கிளப்புகளுக்கு இல்லை. வெளிநாட்டு வீரரை 18 வயதுக்கு முன் அவர்கள் எடுக்கவே முடியாது. எடுக்கும்போதும் வேலை அனுமதிக்கான புள்ளிக் கணக்கு உண்டு. எந்த லீகில் ஆடினான், எத்தனை நிமிடம் ஆடினான் என்றெல்லாம் பார்ப்பார்கள். இன்று பிரோன்பியில் 15 வயதில் ஒரு கிறிஸ்டென்சன் இருந்தால், செல்சி பார்க்கலாம், குறித்து வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது கதவு, அந்த இரண்டு வருட லோன். ஃபிஃபா 2022 ஜூலையிலிருந்து சர்வதேச லோன்களுக்குப் புது விதி கொண்டுவந்தது. பெரிய கிளப்புகள் வீரர்களைக் குவித்து வைப்பதைத் தடுப்பதுதான் நோக்கம், அது நியாயமான நோக்கம். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள், ஆனால் 21 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. கால அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்று: ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருடம். வீரர் எழுத்தில் சம்மதித்தால் நீட்டிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டும். கிறிஸ்டென்சனுக்கு 2015-லேயே கையில் கிடைத்த அந்த "இரண்டு வருடம் இங்கேதான்" என்ற உறுதியை இன்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. குவித்து வைப்பதைத் தடுக்க வந்த விதி, லோனில் நன்றாக நடந்த ஒன்றையும் சேர்த்துத் தடுத்துவிட்டது என்பது என் வருத்தம். குறைந்தபட்சம் டிஃபெண்டர்களுக்காவது இரண்டு வருட லோனை அனுமதித்திருக்கலாம்.

அப்படியானால் இப்போதைய டேனிஷ் பையன்கள் எப்படிப் போகிறார்கள்? பேட்ரிக் டோர்குவைப் பாருங்கள். 2004 அக்டோபரில் கோபன்ஹேகனில் பிறந்தவர், பெற்றோர் நைஜீரியாவைச் சேர்ந்தவர்கள். வளர்ந்தது நோர்ட்ஷெலாண்ட் கிளப்பின் இளையோர் அணிகளில். கானாவில் தொடங்கிய 'ரைட் டு டிரீம்' அகாடமி 2015 இறுதியில் வாங்கிய கிளப் அது. இளைஞர்களை முதல் அணியில் இறக்கி ஆட வைத்து விற்பதுதான் அதன் வழியே. டோர்கு 2022-ல், 17 வயதில், இத்தாலியின் தெற்கு மூலையிலுள்ள லெச்சேக்குப் போனார். டென்மார்க்கும் இத்தாலியும் ஒன்றியத்துக்குள் இருப்பதால் அந்த வயதில் அது சாத்தியம். லெச்சே பணக்காரக் கிளப் இல்லை. வெளிநாடுகளிலிருந்து மலிவாக இளைஞர்களைக் கொண்டுவந்து, இளையோர் அணியில் பழக்கி, மேலே ஏற்றுவார்கள். 2022-23-ல் அவர்களுடைய இளையோர் அணி இத்தாலிய சாம்பியன். அந்த அணியில் டோர்கு இருந்தார். அடுத்த சீசனில் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ. சில நாள் இடது பின்வரிசை, சில நாள் இடது விங்.

2024 செப்டம்பரில் டென்மார்க்குக்காக முதல் ஆட்டம், ஸ்விட்சர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து கோலும் போட்டார். 2025 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 3 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. 20 வயதுதான். வந்த சில வாரத்தில், இப்ஸ்விச் ஆட்டத்தில், முதல் பாதி முடியும் முன்பே சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு அணி 3-2 வென்றதால் பெரிய பேச்சாகவில்லை. மே மாதம் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் தொடக்க அணியில் இருந்தார். அது டாட்டன்ஹாமிடம் 0-1 தோல்வி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கிறிஸ்டென்சன் முதலில் பெரிய கிளப்புக்குப் போய், அதன்பின் ஆடும் இடத்தைத் தேடிப் போனார். டோர்கு முதலில் ஆடும் இடத்துக்குப் போனார், பெரிய கிளப் பின்னால் வந்தது. இரண்டாவது வழியில் பையனுக்குச் சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, புகழ் குறைவு. ஆனால் அவன் ஆடும் கிளப்பும் அவனைச் சொந்தமாக வைத்திருக்கும் கிளப்பும் ஒன்றே. அவனை வளர்த்தால் வரும் பணம் அவர்களுக்கே. தப்பு செய்தாலும் அடுத்த வாரம் இறக்குவதில் அவர்களுக்கே லாபம். கிளாட்பாக்கில் இரண்டு வருட ஒப்பந்தம் செய்த வேலையை லெச்சேயில் அந்தச் சொந்த லாபம் செய்கிறது. டென்மார்க்கில் இருக்கும் ஒரு 16 வயது டிஃபெண்டரின் பெற்றோர் என்னிடம் கேட்டால், தயங்காமல் டோர்கு போன வழியைத்தான் சொல்வேன்.

இன்னொரு விஷயம் இருவருக்கும் பொது: தேசிய அணி. டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம். திறமைசாலி ஒருவன் 19 வயதில் கண்ணில் படாமல் போக அங்கே வழியில்லை. செல்சிக்காக மூன்றே ஆட்டம் ஆடியிருந்த கிறிஸ்டென்சனை 2015 ஜூனில் மாண்டினீக்ரோவுக்கு எதிராக இறக்கியவர் கோச் மோர்டன் ஓல்சன். டென்மார்க்குக்காக 102 ஆட்டம் ஆடிய, தன் காலத்தின் பெரிய தடுப்பாட்டக்காரர் அவர். ஒரு டிஃபெண்டரை இன்னொரு டிஃபெண்டர் அடையாளம் கண்டார். 2022 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் டென்மார்க்கின் ஒரே கோல் கிறிஸ்டென்சனின் தலையிலிருந்து வந்தது.

கடைசிக் கேள்வி, எந்த ஆட்டத்தைப் பார்ப்பது. பலர் 2021 ஜூன் 21, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில், கோபன்ஹேகனில் ரஷ்யாவுக்கு எதிராக அவர் தூரத்திலிருந்து அடித்த கோலைச் சொல்வார்கள். அதே மைதானத்தில் ஒன்பது நாள் முன்னால்தான் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சுருண்டு விழுந்து, அவருடைய தோழர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டென்சன் அந்த வட்டத்தில் ஒருவர். அந்த ரஷ்யா ஆட்டத்தில் 4-1 வென்று டென்மார்க் அடுத்த சுற்றுக்குப் போனதும் பார்கன் அரங்கம் எழுந்த விதமும் மறக்கக் கூடியதில்லை.

ஆனால் நான் சொல்வது அதற்கு ஐந்து நாள் கழித்து, ஜூன் 26, ஆம்ஸ்டர்டாமில் வேல்ஸுக்கு எதிரான ஆட்டம். டென்மார்க் மூன்று பேர் பின்வரிசையோடு தொடங்கியது: சிமோன் கேர், கிறிஸ்டென்சன், அவர்களோடு கிளாட்பாக்கில் பக்கத்தில் நின்ற அதே வெஸ்டர்கார்ட். முதல் பத்து நிமிடம் வேல்ஸ் கைதான் ஓங்கியிருந்தது. பேலும் ராம்சியும் நடுக்களத்தில் சும்மா நின்று பந்து வாங்கினார்கள். கோச் காஸ்பர் ஹுல்மாண்ட் யாரையும் மாற்றவில்லை. கிறிஸ்டென்சனைப் பின்வரிசையிலிருந்து ஒரு படி முன்னால், மிட்ஃபீல்டுக்கு நகர்த்தினார், அவ்வளவுதான். ராம்சிக்கு இடம் அடைபட்டது, ஆட்டம் அப்படியே திரும்பியது. 27-வது நிமிடத்தில் காஸ்பர் டோல்பர்க் முதல் கோல், முடிவில் 4-0. கோல்களை விட்டுவிடுங்கள். பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரை ஆறாம் எண் ஜெர்சியை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அவர் ஓடுவது குறைவாக இருக்கும், திரும்பிப் பார்ப்பது அதிகமாக இருக்கும். பந்து ராம்சிக்கு வரும் முன் அங்கே அந்த ஆறாம் எண் நின்றுகொண்டிருக்கும்.